கொல்லையில் மல்லாந்த டிஷ்

காரைக்காலில் டிஷ் ஆன்டெனா நிற்காது, படுத்துத்தான் கிடக்கும். பாரிஸிலிருந்து லீவுக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் எங்கள் தெருக் கொல்லை ஒன்றைப் பார்த்துவிட்டு, "காத்துல சாஞ்சிடுச்சா மாமா, நிமுத்தி வைக்கலியா?" என்று கேட்டான். அவன் பார்த்து வளர்ந்தவை பால்கனிக் கம்பியில் சுவரோடு சுவராக நிமிர்ந்து நிற்கும் சின்னத் தட்டுகள். பாரிஸ் 49 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே நேர் தெற்கில் இருக்கிற செயற்கைக்கோள்கூட அடிவானத்திலிருந்து 34 டிகிரிக்கு மேல் ஏறாது. காரைக்கால் இருப்பது 10.9 டிகிரியில். இங்கே நேர் தெற்கில் இருக்கிற கோளைப் பார்க்க 77 டிகிரி அண்ணாக்க வேண்டும், கழுத்து வலிக்கும். உச்சிக்கு வெறும் 13 டிகிரி தள்ளித்தான் செயற்கைக்கோள்கள் நிற்கிற வளையம் நம் தலைக்கு மேலே போகிறது.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் இருக்கும் அந்த வளையத்தில் கோளை நிறுத்தி ஒலிபரப்பலாம் என்று காகிதத்தில் விளக்கமாகப் போட்டுக் காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க். 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதினார். பத்துப் பதினொரு வருஷம் கழித்து இலங்கைக்கு வந்து, கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். எங்கள் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் கடலுக்கு அப்பால் அவர் இருந்த தீவு. எங்கள் ஊரில் டிஷ் மாட்டியவர்களில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. தெரிந்துதான் என்ன, கம்பத்துக்குக் குழி வெட்ட அவரா வரப்போகிறார்!

குழி என்றதும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வீட்டுக் கொல்லைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பிரான்ஸ் பென்ஷன்காரர். 1954 நவம்பர் முதல் தேதி காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கை மாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி எல்லாம் முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அதற்கு முன்பு இந்தோசீனாவில் துப்பாக்கி தூக்கியவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோவில் பிரெஞ்சுச் செய்தி தேடுவார். முக்கால்வாசி நேரம் இரைச்சல்தான் வரும்.

கேபிள்காரர் சன் டி.வி. கொடுத்தார், இந்தி கொடுத்தார், ராத்திரியில் சினிமா கொடுத்தார். பிரெஞ்சு கொடுக்கவில்லை. தெருவில் ஒருவருக்காக அவர் எதற்குக் கொடுக்க வேண்டும்? 1995 நவம்பரில் ஏவிய ஏசியாசாட்-2 கிழக்கே 100.5 டிகிரியில் வந்து உட்கார்ந்தது. ஐரோப்பிய சேனல்களை ஒரு கட்டாகச் சேர்த்து, சி பேண்டில், காசில்லாமல் அதில் விட்டார்கள். ஜெர்மன்காரர்களின் டாய்ச்ச வெல்ல, இத்தாலியின் ராய், கூடவே டி.வி.5. பாரிஸில் இருந்த மகன் தகவல் எழுதினார். டிஜிட்டல் ரிசீவரையும் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார். டிஷ் மட்டும் இங்கே வாங்கிக்கொள்ள வேண்டியது.

பெரியவருக்கு டி.வி.5. பேரன்களுக்குக் கிரிக்கெட், அது 105.5-ல். மருமகளுக்குத் தூர்தர்ஷன் வெள்ளிக்கிழமைப் பாட்டு, அது 93.5-ல் இன்சாட்டில். மூன்று பேருக்கும் மூன்று டிஷ் வாங்க அந்தப் பென்ஷன் இடம் கொடுக்கும்தான், பெரியவர் கொடுக்கவில்லை. "ஒண்ணு வாங்கி மூணு பக்கமும் திருப்புங்க தம்பி, எதுக்கு மூணு?" என்றார். நான் அப்போது ஒரு டி.வி. மெக்கானிக்கிடம் எடுபிடி. மெக்கானிக் அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஐயா, கப்பல்படையில இருந்திருந்தா நீங்க பீரங்கியையே ஒண்ணு போதும்னு சொல்லியிருப்பீங்க" என்றார். வேலையை மட்டும் ஒப்புக்கொண்டார்.

திருப்புவது எங்கள் ஊருக்குப் புதுசில்லை. இலங்கை டி.வி.யான ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல் தொடங்கியதிலிருந்து இந்தக் கரை முழுக்க ஒரே வேலை அதுதான். இலங்கையின் உயரமான மலையான பிதுருதலாகலவின் உச்சியில் கோபுரம், 2,524 மீட்டர். எங்களுக்கும் அந்தத் தீவுக்கும் நடுவில் வெறும் கடல். சென்னை நிலையம் எங்களுக்கு எட்டாத காலத்தில் கொழும்பு எட்டியது. வெக்கையான ராத்திரிகளில், கடலுக்கு மேலே காற்று அசையாமல் அடுக்கடுக்காக நிற்கும்போது, படம் பளிங்கு மாதிரி வரும். வாடை அடித்தால் மணல் கொட்டும். நீளக் குழாயில் ஆன்டெனா, அடியில் பூஸ்டர், ஆளுக்கு ஒரு பக்கம் முறுக்கு. சிங்களம் புரியாமலே நாடகம் பார்த்த அம்மாக்கள் எங்கள் தெருவில் நிறைய உண்டு. கதையைத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். அசல் கதையைவிட நன்றாகவே இருக்கும்.

அந்தக் குழாய் முறுக்கலையும் மோட்டார் வைத்துத் திருப்புகிற டிஷ்ஷையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் ஏமாந்தார்கள். கரையோர ஆன்டெனாவை அரை அடி அப்படி இப்படித் திருப்பினாலும் படம் இருக்கும். எட்டடி டிஷ், 4 கிகாஹெர்ட்ஸில், இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகமான அகலத்தைத்தான் பார்க்கும். ஒரு டிகிரி விலகினால் வருகிற சக்தியில் ஏறக்குறைய பாதி போய்விடும். அதோடு அது குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் போதாது. வானத்து வில்லின் மேலேயே ஊர்ந்து போக வேண்டும். அதற்குத்தான் போலார் மவுண்ட். கம்பத்தின் தலையில் ஒரு அச்சு. அது வடக்குத் தெற்காக, ஊரின் அட்சத்துக்குச் சரியாகச் சாய்ந்திருக்கும். எங்களுக்கு 11 டிகிரி, கிட்டத்தட்டப் படுக்கை. அதன் மேல் டிஷ்ஷுக்குக் கூடுதலாக ஒரு சின்னச் சாய்வு, 2 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக. இந்த இரண்டும் சரியாக இருந்து கம்பமும் நட்டுக்க நின்றால், ஒரே ஒரு நீட்டு-மடக்கு மோட்டார் போதும். கிழக்கே 105-லிருந்து மேற்கே 66 வரை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகலாம்.

கம்பம் நட்டுக்க நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவர்தான் அதிகம். மூன்று அங்குல ஜி.ஐ. குழாய். அடியில் குறுக்கே கம்பி செருகிக் கான்கிரீட் போட வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடிக்கும்போது குழாயே குழிக்குள் திரும்பிவிடும். எங்கள் மண் மேலே மணல், கீழே களி, மூன்றடி போனால் தண்ணீர் கசியும். தண்ணீரை இறைத்து இறைத்துத்தான் போட்டோம். பெரியவர் நாற்காலியைக் கொல்லைக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். சிமெண்ட் கலவையைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. எதைப் பற்றித்தான் இல்லை?

டிஷ் வலையா, கெட்டித் தகடா என்று ஒரு வாக்குவாதம். அண்ணன் வலைதான் என்றார். காரணம் எளிது. டிஷ் இப்படி மல்லாந்து கிடக்கிற ஊரில் கெட்டித் தகடு போட்டால் ஐப்பசியில் அது தொட்டி. தண்ணீர் நிற்கும், இலை ஊறும், காக்கை குளிக்கும். வலையில் மழை இறங்கிப் போய்விடும், காற்றும் பாதி போய்விடும். இதிலும் நாங்கள் ஒன்றும் புதுசு செய்துவிடவில்லை. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருஷம் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டி.வி. காட்டினார்களே, அந்தக் கிராமங்களில் வைத்தது கோழிக்கூண்டு வலையில் செய்த பத்தடி டிஷ்தான். தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்த ஆறில் இல்லை. ஆனால் கொழும்பில் கிளார்க் வீட்டில் மட்டும் நம் விஞ்ஞானிகள் ஒன்று வைத்துக் கொடுத்தார்கள்.

மாங்கனித் திருவிழாவை விட்டுவிட்டுக் காரைக்கால் டிஷ் கதை சொல்ல முடியாது. ஆனிப் பௌர்ணமியில் பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனியை அள்ளி வீசுவார்கள். ஊர்வல வீதியில் ஒரு மாடியில் கேபிள்காரர் டிஷ் இருந்தது. ஒரு வருஷம் கீழே நின்றவர்களுக்குக் கிடைத்ததைவிட அந்த டிஷ்ஷுக்கு அதிகம் கிடைத்தது. அன்றைக்கு ராத்திரி ஒரு சேனலும் சரியாக வரவில்லை. கேபிள்காரர் மேலே ஏறி எல்லாவற்றையும் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு இறங்கினார், பிரசாதம்.

சரி, ஒயருக்கு வருகிறேன். காசு மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் கம்பத்துக்கு அடுத்து அதுதான். எல்லோரும் மிச்சம் பிடிப்பதும் அதில்தான்.

நீட்டு-மடக்கு மோட்டாருக்குக் கடையில் ஆக்சுவேட்டர் என்று பெயர், 18 அங்குலம், 24 அங்குலம் என்று கேட்டு வாங்க வேண்டும். 36 வோல்ட் டி.சி. உள்ளே இருந்து நான்கு ஒயர் வரும். இரண்டு மோட்டாருக்கு, இரண்டு எண்ணிக்கைக்கு. தண்டு நகர நகர உள்ளே ஒரு காந்தம் சுற்றி ரீட் சுவிட்சைத் திறந்து மூடும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் வீட்டுக்குள் இருக்கும் பொசிஷனர் பெட்டி 'இது இன்சாட், இது ஏசியாசாட்' என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பழைய ரிசீவர் என்றால் டிஷ் முகத்தில் அலையை வாங்கும் எல்.என்.பி.யில் அலையின் படுக்கை-நெடுக்கை மாற்றுகிற குட்டி மோட்டாருக்கு இன்னும் மூன்று ஒயர். புதிய எல்.என்.பி.க்கு அது வேண்டாம். கோஆக்சியலிலேயே 13 வோல்ட் போனால் நெடுக்கை, 18 போனால் படுக்கை.

பெரியவர் வீட்டுக் கூடத்திலிருந்து கொல்லைக் கடைசிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். வீட்டில் மிச்சம் இருந்த ஸ்பீக்கர் ஒயர் சுருளைப் பேரன் எடுத்துக்கொண்டு வந்தான், இதையே போட்டுடலாமே என்று. அண்ணன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கிணற்றடிச் சுவரிலேயே கணக்குப் போட்டார். போக வர 60 மீட்டர். ஒரு ஸ்கொயர், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர், தாமிர ஒயருக்கு ஆயிரம் மீட்டருக்கு 18 ஓம். அப்படியானால் இங்கே ஓர் ஓமுக்குக் கொஞ்சம் மேல். மோட்டார் மூன்று ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் காலி. அது பரவாயில்லை. ஸ்பீக்கர் ஒயரில் தாமிரம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான், பதினாறு வோல்ட் போய்விடும். மோட்டார் உறுமும், நகராது. "டிஷ்ஷு கனம்னு மோட்டார மாத்துவாங்க, பெருசா வாங்கி மாட்டுவாங்க, அதுவும் உறுமும்" என்றார். கடைசியில் வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒன்றரை ஸ்கொயரே போட்டோம். எண்ணிக்கை ஒயருக்கு மட்டும் மேலுறை சுற்றிய மெல்லிய ஒயர். அதில் ஓடுவது ஒன்றுமில்லாத மின்சாரம். ஆனால் அதை மோட்டார் ஒயரோடு ஒட்டிக் கட்டக்கூடாது. மோட்டார் பிரஷ்ஷின் பொறி அதில் ஏறி, இல்லாத துடிப்பையெல்லாம் பெட்டி எண்ணிவிடும். நாளைக்கு டி.வி.5 போட்டால் வெறும் வானம் வரும்.

பொசிஷனர் பெட்டியின் விலையைக் கேட்டதும் பெரியவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. அதனால் முதல் வருஷம் பெட்டியே இல்லை. 24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 63 வோல்ட் தாங்கும் ஒரு பெரிய கண்டென்சர், ஒரு ஃபியூஸ், நடுவில் நிற்கிற டி.பி.டி.டி. சுவிட்ச் ஒன்று. 24 ஏ.சி. திருத்தினால் 34-க்குப் பக்கம் வரும், டையோடு கொஞ்சம் சாப்பிட்டு 32 மிச்சம். மோட்டாருக்கு அது தாராளம், சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதான். சுவிட்ச் மேலே தட்டினால் கிழக்கு, கீழே தட்டினால் மேற்கு. துடிப்பு எண்ண யாருமில்லை. பெரியவரே டி.வி.யைப் பார்த்துக்கொண்டு விரலை வைத்திருப்பார். கரண்ட் போய் வந்தால் பெட்டிகள் எண்ணிக்கை மறந்துபோகும், இவர் மறக்கவில்லை. மேற்கே தாண்டிப் போய் 78.5-ல் தாய்லாந்துச் சேனல் தட்டுப்பட்டால் அங்கேயே நின்றுவிடுவார். அந்தப் பக்கத்து முகங்களைப் பார்க்கப் பிடிக்கும் போல.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். காசு மிச்சம் என்று பழைய ஸ்டெபிலைசரைப் பிரித்து அதன் டிரான்ஸ்ஃபார்மரைப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். வீட்டு மின்சாரமும் வெளியே போகும் ஒயரும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். மழையில் ஈரக் கம்பத்தைப் பிடிக்கிற கை அதைத்தான் பிடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு தனிச் சுற்று உள்ளதாக இருக்க வேண்டும், வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கொல்லைக்கு 230 வோல்ட் போகவே கூடாது.

எங்கள் ஊரில் ஒயரைக் கொல்வது மழையைவிட உப்பு. கடற்கரையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த இரும்பும் இரண்டு வருஷத்தில் சிவக்கும். எஃப் கனெக்டருக்குள் ஈரம் போனால் கோஆக்சியலின் பின்னல் பச்சை பூத்துவிடும். அப்புறம் எந்த ரிசீவரை மாற்றியும் பயனில்லை. அண்ணன் கனெக்டரில் வாசலின் தடவி, மேலே சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றுவார். ஒயர் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட வேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். மோட்டார் டப்பாவின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், தண்ணீர் வடிய. அதையும் அக்கறையாக எம்-சீல் வைத்து அடைத்த புண்ணியவான்கள் உண்டு.

2004 டிசம்பர் 16-ல் தூர்தர்ஷன் டி.டி. டைரக்ட் பிளஸ் தொடங்கியது. சின்னத் தட்டு, மாதக் கட்டணம் இல்லை. பத்து நாள் கழித்துச் சுனாமி. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு. அந்த டிசம்பரைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சின்னத் தட்டுகள் வந்த பிறகு பெரிய டிஷ்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அலுமினிய வலை கிலோ கணக்கில். பெரியவரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். டிஷ் மட்டும் கிடந்தது. 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் காரைக்கால் பக்கமாகக் கரையேறி டெல்டாவை நாள்கணக்கில் ஊறப்போட்டது. சின்னத் தட்டு வீடுகளில் எல்லாம் திரை கறுத்துவிட்டது. 12 கிகாஹெர்ட்ஸ் அலையை மழை உறிஞ்சிவிடும். 4 கிகாஹெர்ட்ஸை அது ஒன்றும் செய்யாது. கரண்ட் வந்த கொஞ்ச நேரங்களில் அந்தத் தெருவில் புயல் செய்தி ஓடியது அந்த ஒரு வீட்டில்தான். காற்றுக்கு டிஷ் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. வடக்கே டிஷ் வைத்திருப்பவர்கள் புயலுக்கு முன் அதை மல்லாத்தி வைக்க வேண்டும். நம்முடையது நடுவில் நின்றாலே மல்லாந்ததுதான். ஒரு நைலான் கயிறு கட்டினால் போதும்.

இப்போது நிலைமை வேறு. 2022 ஏலத்தில் 3.3-லிருந்து 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை 5ஜிக்குப் போய்விட்டது. பக்கத்தில் டவர் இருந்தால் பழைய எல்.என்.பி. திணறும், ஃபில்டர் உள்ளதாக வாங்க வேண்டியிருக்கிறது. இலவசச் சேனல்களும் சுருங்கிவிட்டன. இருந்தாலும் 66, 83, 93.5 மூன்றையும் தட்டினால் ஒரு வீட்டுக்கு வேண்டியது கிடைக்கும். பொசிஷனர் பெட்டி இப்போது கைக்குள் அடங்கும். ரிசீவரிலிருந்து டைசெக் கட்டளை கோஆக்சியலிலேயே வரும், பெட்டி அதைக் கேட்டு 36 வோல்ட்டைத் திருப்பிக் கொடுக்கும். ஆக்சுவேட்டர் பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். வாங்கும் முன் ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்துப் பாருங்கள், நல்ல மோட்டார் அதிலும் மெதுவாக நகரும்.

டிஷ் சரியாக நிற்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம், சூரியன் போதும். அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் நான் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இது ஒன்றுதான். வருஷத்தில் இரண்டு முறை சூரியன் அந்த வளையத்தின் பின்னாலேயே நடந்து போகிறது. காரைக்கால் அட்சத்துக்கு மார்ச் 15, 16 வாக்கில், அதாவது பங்குனி பிறந்ததும் ஒரு தடவை. செப்டம்பர் 27, 28 வாக்கில், புரட்டாசியில் மறுபடி. அந்த நாளில் டிஷ் ஒரு கோளைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், சூரியன் அதன் பின்னால் வரும் சில நிமிஷம் படம் உடையும். அந்த நேரம் எல்.என்.பி. மாட்டியிருக்கும் ஃபீட் ஹார்னின் நிழல் டிஷ்ஷின் நட்ட நடுவில் விழும். பங்குனியில் நேரம் ஏறக்குறைய இப்படி: 100.5-க்குக் காலை 10:43, 93.5-க்கு 11:16, 83-க்கு 12:05, 66-க்கு மதியம் 1:25. புரட்டாசியில் பதினெட்டு நிமிஷம் போல முன்னதாக.

கொல்லையில் பழைய வலை டிஷ் வைத்திருப்பவர்கள் அதைக் கிலோவுக்குப் போடும் முன் வருகிற பங்குனி பிறந்ததும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பேட்டரியும் ஸ்பேனருமாகப் பத்தரைக்கே இறங்கிவிடுங்கள். மோட்டாரை நகர்த்தி நகர்த்தி நிழலைப் பின்தொடருங்கள். நிழல் கிழக்கு மேற்காக விலகினால் சுவிட்சைத் தட்டினால் சரியாகிவிடும். வடக்கு தெற்காக எல்லா நேரமும் ஒரே அளவு விலகினால் சின்னச் சாய்வுக்கான போல்ட்டைத் திருத்துங்கள். நடுப்பகலில் சரியாக இருந்து காலையிலும் பிற்பகலிலும் எதிரெதிராக விலகினால் மவுண்ட் கம்பத்தில் திரும்பியிருக்கிறது, கிளாம்பைத் தளர்த்தித் திருப்புங்கள். ஃபீட் இருக்கும் இடத்தில் மட்டும் அன்றைக்குக் கையை நீட்டாதீர்கள், எட்டடி வெயிலும் அங்கேதான் கூடும்.